குரென் லகான்: மூன்று எபிசோட் முடிந்தது, இந்தக் கத்தல் கடைசி வரைக்குமா?

மழைக்காரி (கொட்டகலை):

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் வேலை செய்யும் சித்தி மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு பென் டிரைவைக் கையில் திணித்து, "அக்கா, இதப் பாருங்க, சும்மா தெறிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே 2007இல் வந்த குரென் லகான் என்ற ஜப்பான் அனிமே, 27 எபிசோடும். நான் பார்க்கிற அனிமே எல்லாம் அமைதியான வகை. பள்ளிக்கூடம், சமையல், நாலு பேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற கதை. அடிதடி பக்கம் போவதே இல்லை. போன வாரக் காற்றில் போன் சிக்னல் அடியோடு போய்விட்டது, வேறு எதுவும் பார்க்க வழியில்லாமல்தான் இதைத் திறந்தேன்.

ஆரம்பமே விண்வெளியில் ஒரு பெரிய போர். யார் யாரோடு சண்டை என்று புரிவதற்குள் அது முடிந்து, நிலத்துக்கு அடியில் ஒரு ஊர் வருகிறது. சிமோன் என்று ஒரு பையன். கையில் துளைபோடும் கருவியை வைத்துக்கொண்டு மண்ணைக் குடைந்துகொண்டே இருக்கிறான். ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்குவதுதான் அவன் வேலை, கூலியாக இறைச்சி கிடைக்கும். அவனைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நில அதிர்வு வந்தால் பையன் நடுங்கிப்போகிறான், ஏனென்றால் அம்மா அப்பாவைப் பறிகொடுத்ததே கூரை இடிந்துதான். மேலே நிலமும் இல்லை, வானமும் இல்லை, பேசாமல் இருக்கிற இடத்தில் இருங்கள் என்கிறார் ஊர்த்தலைவர். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவு பிடித்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த எவளுக்கும் பிடிக்கும், காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் வருகிறார் கமினா. சட்டை கிடையாது, உடம்பெல்லாம் பச்சை குத்தல், வாயைத் திறந்தால் முழக்கம். மண்ணைத் தோண்டுவது சிமோன், அந்த முகம் மாதிரியான இயந்திரத்தைக் கண்டெடுத்ததும் சிமோன், அதைக் கிளப்பியதும் சிமோன். ஆனால் என்னை யாரென்று நினைத்தாய் என்று எதிரியிடம் மார்தட்டுவது கமினா. எங்கள் தோட்டத்து டிவிஷனிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், சம்பளப் பேச்சுவார்த்தைக் காலத்தில் மட்டும் சத்தம் கேட்கும்.

மூன்றாவது எபிசோடில் இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. எப்படிச் சேர்கின்றன? சின்னதைப் பெரியதன் உச்சந்தலையில் குத்தி இறக்குகிறார்கள், கமினா கத்துகிறார், சேர்ந்துவிட்டது! இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, யார் வீட்டுச் சண்டை என்று எழுந்து வந்து பார்த்தார்.

என் கேள்வி இதுதான். இந்தக் கமினாவை எழுதியவர்கள் மனதார நம்பி எழுதுகிறார்களா, இல்லை, இப்படிப்பட்ட ஆட்களைக் கிண்டல் செய்கிறார்களா? நம்புகிறார்கள் என்றால் எனக்கு ஒத்துவராது. கிண்டல் என்றால் 27 எபிசோட் ரொம்ப நீளம். பார்த்தவர்கள் கதையைச் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். ஓலெவல் பரீட்சை எழுதப்போகிற தம்பி வேறு, தானும் பார்க்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

---

டவுன் பையன் (ஹட்டன்):

அக்கா கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. மூணோட நிறுத்துறது பாவம். எட்டு வரைக்கும் போங்க, எட்டுல கமினா [மீதி நீக்கப்பட்டது. கதையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறாரே, தம்பி? – மட்டுறுத்துநர்]

---

தப்புக்காரர் மகன் (பொகவந்தலாவை, இப்போது வத்தளை):

தங்கச்சி, நீங்கள் காமன் கூத்து பார்த்திருப்பீர்கள்தானே, சிவன் காமனை எரிக்க ரதி புலம்புகிற கதை. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டால் பௌர்ணமி வரைக்கும் எங்கள் தோட்டத்தில் யாரும் ஒழுங்காகத் தூங்கமாட்டார்கள். அப்பா தப்பு மேளம் அடிப்பவர். நான் அவர் காலடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டே பார்த்து வளர்ந்தவன்.

கூத்தில் ஒரு வேஷம் களத்துக்கு வந்ததும் என்ன செய்யும்? தான் யார், யாருடைய பிள்ளை, எதற்கு வந்தது என்று பாடிச் சொல்லும். தப்பு ஏறும். ஆள் ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தூக்கி அப்படியே நிற்பார். வீரபத்திரன் வந்தால் இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடித்திருப்பார்கள், அவர் இவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சனத்துக்குள் பாய்வார். பகலில் அதே ஆள் எங்களோடு மலையில் மருந்தடிப்பவர். குரல் எழும்பாது, துரை முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். அந்த ராத்திரியில் அவர் கத்துவதை யாராவது கிண்டல் என்று நினைப்போமா? உண்மையில் சிவனுடைய ஆள் என்று நம்புவோமா? இரண்டும் இல்லை. கேட்கும்போது மயிர் கூச்செறியும், அவ்வளவுதான்.

சும்மா ஒப்பிடவில்லை, இதற்கு ஆதாரம் இருக்கிறது. குரென் லகானின் கதை வசனம் கசுகி நகஷிமா. அவர் அடிப்படையில் மேடை நாடகக்காரர். 1980இல் ஒசாகாவில் தொடங்கிய கெகிதான் ஷின்கன்சென் என்ற நாடகக் குழுவுக்கு 1985இலிருந்து எழுதிவருகிறார். கபுகி என்ற ஜப்பானின் பழைய மேடைக் கூத்தையும் ராக் இசையையும் கலந்து அடிக்கிற குழு அது. கபுகியில் வீரன் தன் பெயரையும் பெருமையையும் முழங்கிவிட்டுத்தான் சண்டைக்கு இறங்குவான். உச்சக்கட்டம் வந்தால் உடம்பை முறுக்கி, கண்ணை உருட்டி, அசையாமல் நிற்பான், ஓரத்தில் ஒருவர் தரையில் வைத்த பலகையில் கட்டையால் தட்டுவார். கமினா முழங்குகிறபோது படம் உறைந்து நின்று திரை முழுக்கப் பெரிய எழுத்து விழுகிறதே, அது அங்கிருந்து வந்தது. (இதே நகஷிமா ஷின்சான் காமிக்ஸைப் போட்ட பதிப்பகத்தில் ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். இதைச் சொன்னால் என் மகன் நம்ப மறுக்கிறான்.)

இயக்குநர் ஹிரோயுகி இமாஇஷி. கோடு தடிப்பாக, கை கால் நீண்டு, ஒரு குத்துக்கு உடம்பு முழுக்க வளைகிற மாதிரி வரைவது அவருடைய பாணி. எல்லா அசைவையும் வழவழவென்று காட்டமாட்டார். ஒரு நிலையில் நிறுத்துவார், அடுத்த நிலைக்கு ஒரே தாவு. தப்பில் அடிக்கு அடி இடைவெளி விடுகிற மாதிரி, அந்த நிறுத்தத்தில்தான் வேகமே இருக்கிறது. இயந்திரங்கள் சேருவதற்குக் காரணம் கேட்டீர்கள். இந்தக் கதையில் மன உறுதிதான் எரிபொருள், சுருள் சக்தி என்று அதற்குப் பின்னால் ஒரு விளக்கமும் தருவார்கள். ஆனால் அந்த விளக்கத்துக்காக இதைப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

கமினாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், கதை உடையாது. அவர் கத்தும்போது எதிரியின் முகத்தைப் பார்க்காமல் சிமோனின் முகத்தைப் பாருங்கள். அவருடைய தைரியம் எங்கே இருந்து வருகிறது என்பதைக் கதையே பிறகு சொல்லும். உங்கள் டிவிஷன் தலைவரைப் பற்றி எனக்குத் தெரியாது, கமினா அந்த ரகம் இல்லை.

---

ஊவாக்காரி (பண்டாரவளை):

அண்ணன் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் நான் மறுபக்கம்.

மழைக்காரி அக்கா, நான் முழுவதும் பார்த்தவள். கத்தல் குறையாது, கூடும். தொடக்கத்தில் சிமோனின் கைக்கருவி ஒரு சாண் அளவு. கடைசியில் நிற்கிற இயந்திரம் விண்மீன் மண்டலத்தையே விடப் பெரியது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் முன்பைவிடப் பெரியதாக ஒன்று வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பெரியது என்ற உணர்வே போய்விடுகிறது. எனக்கு மூன்றாவது எபிசோடில் விரால் என்ற எதிரி வந்து வெட்டுகிற வெட்டில் இருந்த கனம், மண்டலங்களைத் தூக்கி எறிந்தபோது இல்லை.

இரண்டாவது குறை, யோகோ என்ற பெண் பாத்திரம். அந்தக் கூட்டத்தில் குறி தவறாமல் சுடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன் உயரத்துக்குத் துவக்கு தூக்கிக்கொண்டு மேலேயிருந்து குதித்து வருகிற காட்சியில், சரி, இவள் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேமரா அவள் துவக்கைப் பார்ப்பதைவிட வேறு எங்கோதான் அதிகம் பார்க்கிறது. கூத்தில் ரதியும் பெண்தான், ஆனால் ரதி புலம்பும்போது ஊரே அழும். யோகோவுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்க ரொம்ப நாள் காக்கவேண்டும்.

இவ்வளவு திட்டினாலும் நான் நிறுத்தாததற்குக் காரணம் பதினேழாவது எபிசோட். கதை அங்கே ஏழு வருடம் தாவும். அதுவரை கத்திக் கத்தி வென்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஊரை நடத்தவேண்டி வருகிறது. கோப்பில் கையெழுத்து, குடிநீர், குடியிருப்பு, சட்டம். கத்துகிறவனால் இதெல்லாம் முடியுமா? அக்கா கேட்ட கேள்வியைக் கதையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறது. அந்தப் பகுதிக்காகப் பார்க்கலாம். அதற்கு வழங்கும் கடைசிப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு.

---

சுரங்கத்து மாமா (தலவாக்கலை):

பிள்ளைகளா, எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கார்ட்டூன் பார்க்கிற ஆள் இல்லை. என் மகன் பார்க்கும்போது முதல் இரண்டு பாகத்தை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சண்டை பற்றி எனக்குக் கருத்து இல்லை. தோண்டுவது பற்றி உண்டு.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் ஹெல்பராக இருந்தவன் நான். ஜப்பான் கடனில் கட்டியது, 2012இல் மின்சாரம் வந்தது, 150 மெகாவாட். தலவாக்கலையில் அணையைக் கட்டி, மலைக்குள்ளேயே 12 கிலோமீட்டருக்கு மேல் குடைந்து தண்ணீரைக் கீழே கொண்டுபோகிறார்கள். மின் நிலையமும் நிலத்துக்கு அடியில்தான். ஆக, நாங்களும் சிமோன்தான்.

படத்தில் துளைபோடும் கருவி கூம்பு மாதிரி, திருகு மாதிரி இருக்கிறது. கருங்கல்லில் அப்படி ஒன்று இரண்டு அங்குலம்கூடப் போகாது. நிஜத்தில் நுனி தட்டையாக, கடினமான குமிழ்கள் பதித்து இருக்கும். அது சுற்றிக்கொண்டே கல்லை அடிக்கும், தூளைக் கழுவத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாறை முகத்தில் வரிசையாகத் துளை போட்டு, வெடி அடைத்து, எல்லோரும் வெளியே வந்து வெடிப்போம். புகை வெளியேறும் வரை உள்ளே போகக்கூடாது. போனதும் முதல் வேலை கல்லை அள்ளுவது இல்லை. நீளக் கம்பியால் மேலே தட்டிப் பார்ப்பது. ஒட்டியும் ஒட்டாமலும் தொங்குகிற கல்லைக் கீழே விழுத்துவது. தட்டுகிற சத்தத்திலேயே தெரியும், இறுகிய பாறை கணீர் என்னும், உள்ளே பிளந்தது பொத்தென்னும். அப்புறம்தான் சிமெந்துக் கலவையைப் பீய்ச்சி, போல்ட் அடிப்பது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் அந்த ஊர்த்தலைவரை வில்லன் மாதிரிப் பேசுகிறீர்கள். மேலே வானம் இல்லை என்று சொன்னது பொய்தான், அதற்கு வேண்டுமானால் திட்டுங்கள். ஆனால் கூரை இடியும், கண்ட இடத்தில் தோண்டாதே, கூட்டமாக மேலே முட்டாதே என்று சொல்கிற ஆள் முட்டாள் இல்லை. எங்கள் ஃபோர்மனும் அப்படித்தான் கத்துவார். அவர் கத்தியதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிமோன் அதிர்வு வந்தால் சுருண்டு உட்காருகிறானே, அதை வரைந்தவருக்கு ஒரு சபாஷ். உள்ளே வேலை செய்தவனுக்கு அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகாது. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள், லொறி போனாலும் நான் முகட்டைத்தான் பார்ப்பேன்.

கமினா மாதிரி ஒருவனை எங்கள் ஷிப்டில் விட்டிருந்தால் முதல் நாளே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

---

மழைக்காரி:

மாமா, சிரித்து முடியவில்லை. அந்தக் கடைசி வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாலையும் ஐந்தையும் பார்த்தேன். நாலாவதில் என்ன நடந்தது? முகமெல்லாம் வேறு மாதிரி, கோடெல்லாம் கோணல். பென் டிரைவில் வேறு ஏதோ கலந்துவிட்டது என்றே நினைத்தேன்.

தப்புக்காரர் மகன் அண்ணே, சொன்ன மாதிரி சிமோனின் முகத்தைப் பார்த்தேன். சரிதான், கமினா அவனுக்காகத்தான் கத்துகிறார். அதைக் கண்டுகொண்ட பிறகு சத்தம் அவ்வளவு காதை அடைக்கவில்லை. ஹட்டன் பக்கம் ரயிலில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பையன்கள் கூவுவார்களே. அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. சின்ன வயதில் நான் காதைப் பொத்திக்கொள்வேன், தம்பி அவர்களோடு சேர்ந்து கூவுவான். இருட்டுக்குப் பயந்தவன் அவன்தான், நான் இல்லை.

ஆனால் உங்கள் கூத்து வாதம் முழுவதும் எனக்குச் செரிக்கவில்லை. வீரபத்திரன் விடிந்தால் வேஷத்தைக் கலைத்துவிடுவார். கமினா கலைப்பதே இல்லை. சாப்பிடும்போதும் அதே வேஷம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தங்கச்சி ஊவாக்காரி சொன்ன யோகோ விஷயமும் சரிதான். நல்லவேளை, தம்பி பக்கத்தில் இருக்கும்போது அம்மா அடுப்படியில் இருந்தார்.

பதினேழு வரைக்கும் போவதாக முடிவு. அந்தக் கோப்பும் கையெழுத்தும் பார்க்காமல் விடமாட்டேன்.

---

தப்புக்காரர் மகன்:

நாலாவது எபிசோட் கெட்டுப்போன கோப்பு இல்லை தங்கச்சி. அதை இயக்கியது ஒசாமு கொபயாஷி, அவருடைய கைக்கே உரிய வரைமுறை அது. 2007இல் ஜப்பானிலேயே ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப்போய், இதைத் தயாரித்த கைனாக்ஸ் நிறுவனத்துக்குள்ளிருந்தவர்கள் இணையத்தில் வாயை விட, தயாரிப்பாளராக இருந்த தகாமி அகாய் கைனாக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்தே விலகினார். ஒரு எபிசோடுக்கு இவ்வளவு! எனக்கு அந்தக் கோணல் பிடிக்கும், தனியாக ஒரு குறும்படம் மாதிரி.

இமாஇஷியும் பிறகு அங்கிருந்து வெளியேறி, 2011இல் சிலரோடு சேர்ந்து ட்ரிகர் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். கைனாக்ஸ் 2024இல் திவாலாகிவிட்டது. ஆகவே இந்த வகைக் கத்தல் வேண்டுமென்றால் இனி ட்ரிகர் பக்கம் போகவேண்டும். ஊவாக்காரிக்கு எச்சரிக்கை: உடுப்பு விஷயத்தில் அங்கே இன்னும் மோசம்.

வேஷம் கலைப்பது பற்றிச் சொன்னீர்களே, அதற்கு இப்போது வாயைத் திறந்தால் மட்டுறுத்துநர் என்னையும் வெட்டுவார். எட்டு முடிந்ததும் இங்கே வந்து திட்டுங்கள், பேசுவோம்.

---

ஊவாக்காரி:

அக்கா, ஒரு முக்கிய விஷயம், தம்பியோடு பார்ப்பதால் சொல்கிறேன். ஆறாவது எபிசோட் வெந்நீர்க் குளியல் கதை. டிவியில் போனது ஒன்று, டிவிடியில் வந்தது ஒன்று என்று இரண்டு வடிவம் உண்டு. உங்கள் பென் டிரைவில் எது இருக்கிறது என்று முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். அம்மா இஸ்தோப்பில் இல்லாத நேரமாகப் பார்த்து. பதினாறாவது பழைய காட்சிகளின் தொகுப்புத்தான், அதைத் தாண்டினாலும் ஒன்றும் குறையாது.

---

டவுன் பையன்:

ஆறாவத தாண்டச் சொல்லாதீங்க, அதான் [நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]